சொல்தா திறக்காத கடைசிக் கதவு

சொல்தா,

கடல் ஊருக்குள் புகுந்து திரும்பிப் போன மார்கழி இருக்கிறதே, அதற்கு அடுத்த வருஷம் அது. குப்பங்களில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்த வருஷம். மில்லில் ராத்திரி ஷிப்டு நின்றுபோய், விடிகாலைச் சங்கு ஊதாமல் முத்தியால்பேட்டைக்காரர்கள் எல்லாரும் நேரம் கழித்து எழுந்த வருஷம். எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. வருஷங்களை இப்படித்தான் காது பிடித்து இழுத்து வைத்திருக்கிறேன். அந்த வருஷம் பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள், உன் மகளின் அறைப் பூட்டை நீ திறந்தாய்.

இன்றைக்கு அதை என் மடியில் கொண்டுவந்து போட்டது உன் மூக்குப்பொடி வாசனை. நீ 'மனெத்' என்று சொல்வாயே, டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடி, அது இப்போது என்னிடம் இருக்கிறது. பொத்தான்களின் இடுக்கில் உன் பொடி இன்னும் அப்பிக் கிடக்கிறது. கிட்டே கொண்டுபோய் முகர்ந்தேன், தும்மல் வந்தது, தும்மி முடித்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். பொடிதான் காரணம் என்று மருமகளிடம் சொன்னேன். இந்தக் கடிதத்தை அவள்தான் எழுதுகிறாள். நான் பேசப் பேச அதை ஏட்டுத் தமிழாக்கி எழுதிக்கொண்டு வருகிறாள்.

"மாமா, செத்துப்போனவங்களுக்கு எந்த அட்ரஸ் போடறது?" என்று கேட்டாள்.

"நீ எழுதும்மா. அவன் எங்க இருந்தாலும் படிச்சுக்குவான். எங்க ரெண்டு பேர்ல படிக்கத் தெரிஞ்சவன் அவன்தானே" என்றேன்.

உனக்கும் தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். பிரெஞ்சுதான் தண்ணீராய் ஓடும். பரவாயில்லை, மெதுவாகப் படி.

ஒரே தெருவில் கோலி ஆடியவர்கள் நாம். மீசை முளைத்ததும் நீ பிரெஞ்சுப் பட்டாளத்துக்குக் கப்பலேறினாய், நான் மில்லுக்குள் போய்த் தறி முன்னால் நின்றேன். பென்ஷனோடு நீ திரும்பி வந்தபோது தெரு உனக்கு சொல்தா என்று பெயர் வைத்தது, பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தமாம். நீ எனக்கு 'மொன்வியூ' என்று வைத்தாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, "கெழட்டுப் பயலேன்னு அர்த்தம், மரியாதையான வார்த்தைதான்" என்றாய். நாற்பது வயசில் என்னைக் கிழவன் என்ற ஒரே ஆள் நீ.

உன் பெண்சாதியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் போனது கடல் வந்த அந்த வாரம். கடல் அவளைத் தொடவில்லை. நெடுநாளாக இருந்த நெஞ்சுநோய், அந்த வாரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனது. ஊரே அலறிக்கொண்டிருந்தது, எந்த போனும் போகவில்லை. பிரான்சில் இருந்த உன் மகளுக்குச் சேதி எட்டி, டிக்கெட் கிடைத்து, அவள் வாசலில் வந்து நின்றபோது கல்லறையில் போட்ட பூ வாடிவிட்டது. உங்களுக்கு ஒரே பிள்ளை.

"எப்பா" என்றாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

நீ கதவுக்கு உள்பக்கம் நின்றாய். "உங்கம்மா உயிர் போற வரைக்கும் இந்த வாசலையேதான் பாத்துக்கினு இருந்தா. இனிமே உன் பேரு என் வாயில வராது" என்றாய். கதவைச் சாத்தினாய். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சாத்திய கதவின் மரத்தை அவள் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு என் வீட்டில் தங்கினாள், அம்மாவின் கல்லறைக்குப் போனாள், ஊருக்குத் திரும்பினாள்.

பட்டாளத்துக்காரன் வாக்கு வாக்குதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உன் வாக்கை நீ காப்பாற்றினாய், சொல்தா. எப்படிக் காப்பாற்றினாய் என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. நானும் இந்தக் கடிதத்தில் அவள் பெயரை இன்னும் சொல்லவில்லை. கவனித்திருப்பாய்.

அவள் அறையைத் திறந்தது நாற்காலி ஒன்று எடுப்பதற்காக என்றாய். நாற்காலியோடு அந்தச் சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டியும் கூடத்துக்கு வந்தது. அவள் லிசேயில், அந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், படித்த காலத்தில் நீ பாரிசிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. உள்ளே விளையாட்டுத் தட்டு ஒன்று கிடந்தது. டிவியில் மாட்டினாய். கடல் சத்தம் கேட்டது. நான் பயந்து எழுந்துவிட்டேன். அந்த வருஷம் கடல் சத்தம் கேட்டால் எல்லாரும் எழுந்துவிடுவோம்.

"உக்காருடா மொன்வியூ, பொட்டிக்குள்ள இருக்கற கடல்" என்றாய்.

கதையை எனக்கு நீதான் சொன்னாய். திரையில் பிரெஞ்சில் ஓடும், நீ படித்துவிட்டுத் தமிழில் சொல்வாய். ஒரு தீவு. அதில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கடலுக்கடியில் கிடக்கும் ஒரு பிராணி தீவின் நெருப்பையெல்லாம் விழுங்கிவிட்டது. ஜனங்கள் குளிரில் விறைத்துச் சிலையாகிப்போனார்கள். வெகுகாலத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு தீவை விட்டுப் போன ஓர் ஆள், சேதி கேட்டு, அயல்தேசத்திலிருந்து ஒரு விளக்கில் நெருப்பு எடுத்துக்கொண்டு படகில் வந்து இறங்குகிறது. குன்றுமேல் இருக்கும் தன் வீட்டு அடுப்பில் அந்த நெருப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. அந்த ஆள் முக்காடு போட்டிருக்கும், முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்று கேட்டேன். "ஆளுடா, ஆளு" என்றாய்.

கையில் கத்தி ஒன்று உண்டு. ஆனால் விளக்குதான் உயிர். பிராணிகள் அடிக்க அடிக்க வெளிச்சம் சுருங்கும், திரை இருட்டிக்கொண்டே வரும். முழுக்க இருட்டினால் ஆள் காலி, படகுத்துறையில் மறுபடி ஆரம்பம். வழியில் கல்தூண்கள் நிற்கும், அவற்றிலிருந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம். தண்ணீருக்குள் மூழ்கின கடைத்தெருவில் சிலைகளின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தால் அவை வழிவிடும். அதற்கும் வரிசை உண்டு. மீன்கூடைக்காரி முதலில், அப்புறம் குடம் சுமந்தவள், கடைசியில் ஒற்றைக்கண்ணன். மாறினால் கேட் விழுந்து நசுக்கிவிடும்.

இந்த வரிசையெல்லாம் உனக்கு நிற்காது. நீ பரபரத்துப் பொத்தானை அமுக்குவாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வேன். "குடக்காரி கிட்ட இப்ப போவாத. கூடைக்காரி, கூடைக்காரி." நீ கை, நான் வழி. அதுதான் நமக்குள் ஏற்பட்ட பங்கு.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. பெட்டியை நிறுத்தினாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, விளையாட்டு அடியோடு போய்விடும். மறுநாள் போட்டால் பழையபடி கடல், படகுத்துறை, முதலிலிருந்து. நேற்று எவ்வளவு தூரம் போனோம் என்பது பெட்டிக்குத் தெரியாது. இந்த விளையாட்டே இப்படித்தான் போலிருக்கிறது என்று நாம் இருவரும் நம்பினோம்.

"தறியில நூல் அறுந்தா என்னா பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டாய்.

"முடிச்சுப் போட்டு ஓட்டுவேன்."

"இதுல முடிச்சு கிடையாது. அறுந்தா துணியையே தூக்கிப் போட்டுட்டு மறுபடி பாவு ஓட்டணும்."

"எந்த மடையன்டா இப்படி ஒரு மில்லு வச்சது?" என்றேன். நீ சிரித்துச் சிரித்துப் பொடியைத் தட்டிவிட்டாய். அது மனெத்தின்மேல் கொட்டியது. அன்றைக்குக் கொட்டியதில் மிச்சம்தான் இப்போது என் மூக்கில் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

காலையில் நான் கடைக்குப் போய் உனக்கு நீளரொட்டி வாங்கி வருவேன். நீ காப்பி போடுவாய். தங்கச்சி படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உட்காருவாய். ஜன்னலுக்கு வெளியே இஸ்திரி வண்டிக்காரன் ஏழுமலை. முதலில் அவன் நாம் ஏதோ ஆகாத படம் பார்க்கிறோம் என்று சந்தேகப்பட்டான். விளையாட்டின் உப்பளத்தில் வரும் பெரிய நண்டைப் பார்த்த பிறகு தினமும் ஜன்னலில் தலையை நீட்ட ஆரம்பித்தான்.

"என்னா பெருசுங்களா, இன்னிக்காவது நண்டு செத்துதா? இல்ல, நண்டு உங்களைத் தின்னுச்சா?"

"சட்டை தீயுது பாருடா" என்பாய் நீ. அவன் பதறி ஓடுவான். ஒருநாள் நிஜமாகவே தீய்ந்தது.

அந்த நண்டிடம் எத்தனை நாள் செத்திருப்போம். இடது கொடுக்கால் ஓங்கி அடிக்கும், மூச்சு வாங்கும், பிறகு வலது கொடுக்கு வரும். மூச்சு வாங்குகிற அந்த இடைவெளியில் பின்பக்கம் குதித்து, கண்ணில் வெளிச்சத்தைக் காட்டி, மூட்டில் குத்த வேண்டும். தறிக்கு முன்னால் நின்றவனுக்கு இடைவெளி தெரியும். தறியில் நூலோடு நாடா குறுக்கே போய்த் திரும்புகிற கணக்குத்தான் அது. "இப்பக் குதி" என்று நான் சொன்னதும் நீ குதித்தாய், நண்டு சாய்ந்தது. எழுந்து நின்று எனக்கு சல்யூட் வைத்தாய், ஜூலையில் பிரெஞ்சு தேசத் திருநாள் ஊர்வலத்தில் மெடல் குத்திக்கொண்டு வைப்பாயே, அதே சல்யூட்.

நண்டுக்கு அப்புறம் படகோட்டி. அதற்கப்புறம் காற்றுக் கோபுரம். அங்கே விளக்கை உடம்பால் மறைத்துக்கொண்டு, காற்று அடங்கும்போது மட்டும் ஏற வேண்டும். ஓடினால் விளக்கு அணைந்துவிடும். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவாய், ஆடுகிற உன்னைப் பார்த்து நானும் பிடித்துக்கொள்வேன். கடைசியில் குன்று. குன்றுமேல் அந்த வீடு.

இதற்கெல்லாம் முன்னால், தினமும் முதல் வேலையாக ஒன்று நடக்கும். திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். நீ இடது கட்டைவிரலால் அவற்றின்மேல் நகர்ந்து நகர்ந்து போய், ஒவ்வொன்றாக நிறுத்தி, வலது கையால் அமுக்குவாய். மற்றதிலெல்லாம் பரபரப்பவன், அதில் மட்டும் நிதானமாய் இருப்பாய்.

"என்னா கேக்குது அது?"

"ஆளுக்குப் பேரு கேக்குது."

"என்னா பேரு போடற?"

"எதையோ போடறேன். ஒனக்கு என்னாத்துக்கு? நீ சிலை வரிசையை ஞாபகம் வச்சிக்க."

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே. முதலில் ஒரு பிறை. அடுத்தது மூன்று பல் சீப்பு. அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்த குச்சி. அப்புறம் தனிக் குச்சி. இரண்டு தூணுக்கு நடுவே சாய்த்து வைத்த பலகை. மறுபடி அதே சீப்பு. தினமும் அதேதான். மில்லில் துணியின் கரைப் பூவை ஒருமுறை பார்த்தால் எனக்கு மறக்காது, அதுபோல இதுவும் கண்ணில் ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். கரண்ட் போனால் தெருவே திட்டும். நீ மட்டும் திட்டமாட்டாய். விளையாட்டு அறுந்து போய்விட்டதே என்று நான் தலையில் கை வைத்தால், "விடுடா, மறுபடி மொதல்லேர்ந்துதானே" என்பாய். கரண்ட் திரும்பியதும் உன் கட்டைவிரல் அந்த எழுத்துகளின்மேல் நகர ஆரம்பிக்கும். கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களில்தான் நீ அதிகம் சிரித்தாய். அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பண்டிகை நாட்களில் போன் அடிக்கும். பிரான்சிலிருந்து. நீ மனெத்தைக் கீழே வைக்காமல் கண்ணால் எனக்கு ஜாடை காட்டுவாய். நான் எடுப்பேன்.

"மாமா, அப்பா இருக்காரா?"

"இப்பதாம்மா கடைக்குப் போனாரு."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. சாப்புடறாரு."

"நான் கூப்டேன்னு சொல்லுங்க மாமா."

போனை வைத்துவிட்டு உன்னைப் பார்ப்பேன். "பொண்ணு கேட்டுதுடா. ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிடுவ?" என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "அந்தப் பேச்சு எடுக்காத மொன்வியூ. எடுத்தா நாளைலேர்ந்து நீயும் வராத" என்றாய். நான் எடுக்கவில்லை. அறுபது வருஷச் சிநேகிதம், வாசல் அடைபட்டுவிடுமோ என்று பயம். உன் வாசல் அடைபடுவதை ஒருமுறை பார்த்தவன் நான்.

குன்றுமேல் இருக்கும் வீட்டுக் கதவு வரை நாம் போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம், வேர்க்கடலை வருகிற சமயம். உள்ளே என்ன பிராணி இருக்கிறதோ, நெருப்பு விழுங்கியே அங்கேதான் படுத்திருக்கிறதோ. "தொறடா, தொறடா" என்றேன். நீ ஆளைக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு எழுந்து போய்ப் பெட்டியை நிறுத்திவிட்டாய்.

"யோவ்! என்னாய்யா பண்ண?"

"மொழங்கை வலிக்குதுடா. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தக் கதவு வரை போனோம். ஒவ்வொரு முறையும் உனக்கு ஒரு நோவு. கண் எரியுது, காப்பி ஆறுது, மழை வரும்போல இருக்குது. ஏழுமலை ஜன்னலில் கத்துவான்: "சொல்தா, சண்டையில குண்டடி பட்டவருன்றாங்க, ஒரு கதவுக்குப் போய் பயப்படறியே!" நீ அவனைத் திட்டவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் கதவு முன்னால் ஆளை நிறுத்திவிட்டு, உனக்கு நீயே பேசுவதுபோல, "அவ எம்மா நேரமா நிக்கறா பாரு" என்றாய்.

"அவளா? ஆளு பொம்பளையா?"

"நாக்கு பெசகிடுச்சு" என்று பொடியை எடுத்துப் போட்டுக்கொண்டாய்.

ஐப்பசி மழையில் நீ விழுந்தாய். ரொட்டியோடு நான் வந்தபோது கூடத்தில் கிடந்தாய். டிவியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலையும் நானும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கவாதம் என்றார்கள். வாய் போய்விட்டது, வலது பக்கம் மரக்கட்டை. இடது கையும் அதன் கட்டைவிரலும் மட்டும் உன் சொல் கேட்டன.

அந்தப் பகல் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் உன் கட்டைவிரல் போர்வைமேல் அசைய ஆரம்பித்தது. நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. விளையாட்டின் ஆரம்பம். அந்த அசைவு எனக்குத் தெரியாதா? என் உள்ளங்கையை உன் விரலுக்குக் கீழே வைத்தேன். என் ரேகைமேல் நகர்ந்து நகர்ந்து நின்றாய். ஒவ்வொரு இடத்தில் நின்றதும் என் முகத்தைப் பார்த்தாய்.

"புரியுதுடா" என்றேன். "ஆடலாம். நீ கண்ணை மூடிக்கினு இரு, நான் சொல்றேன். ஆள் எறங்கிட்டான். படகுத்துறை. எடது பக்கம் ஏணி. ஏறு. தூண்ல எண்ணெய் ஊத்திக்க. கடைத்தெரு வந்துடுச்சு. கூடைக்காரி, குடக்காரி, ஒத்தக்கண்ணன்..."

நீ தலையை அசைத்தாய், இல்லை என்பதுபோல. கட்டைவிரல் மறுபடி முதலிலிருந்து நகர ஆரம்பித்தது.

"செத்துட்டமா? சரி வுடு. மறுபடி மொதல்லேர்ந்துதானே" என்று நானும் படகுத்துறையிலிருந்து தொடங்கினேன். நண்டு வரைக்கும் போனேன். மறுபடி தலையசைத்தாய். உன் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. பக்கத்துக் கட்டில்காரன் நான் ஏதோ தேவாரம் சொல்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். நான் விடவில்லை. நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் நானும் ஆரம்பித்தேன். உனக்குத் துணையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் உன் பேச்சை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அமுக்குகிற பொத்தான் வலது கையில். அந்தக் கை செத்துப்போய்விட்டது. உன்னால் எழுத்துமேல் போய் நிற்கத்தான் முடிந்தது. அமுக்க வேண்டியவன் நான். கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

"பொண்ணுக்குச் சொல்லலாமா பெருசு?" என்று ஏழுமலை வாசலில் கேட்டான். "அவருக்குப் புடிக்காதுடா" என்றேன். உன் வார்த்தையை மதித்தேன், சொல்தா. கொஞ்சம் குறைவாக மதித்திருக்கலாம். மறுநாள் விடிந்ததும் நீ போய்விட்டாய். போன் செய்தோம். இந்தமுறை கடல் எதுவும் குறுக்கே வரவில்லை. இருந்தாலும் அவள் வந்து இறங்கியபோது உன்னைப் புதைத்தாகிவிட்டது. திறந்து கிடந்த வாசலில் வந்து நின்று, "மறுபடியும் லேட்டு மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தமுறை உள்ளே வந்து உட்காரக்கூட அவளால் முடியவில்லை.

போன வாரம் உன் வருஷப் பூசைக்கு வந்தாள். கோயிலிலிருந்து திரும்பி, வீட்டைப் பூட்டிச் சாவி கொடுக்க என்னைக் கூப்பிட்டாள். கூடத்தில் தூசி படிந்த அந்தப் பெட்டி டிவியோடு மாட்டியபடியே இருந்தது. பார்த்துவிட்டாள்.

"மாமா, என் பொட்டியை யாரு இங்க மாட்டினது?"

"உங்கப்பன்தான். ரெண்டு வருஷமா தெனமும் ஆடினோம்."

"அப்பாவா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியின் முன்பக்கம் விரலை விட்டுத் தடவினாள். "கார்டு இல்லையே இதுல. கார்டு இல்லாம எப்படி ஆடினீங்க?"

"என்னா கார்டு?"

அப்போதுதான் சொன்னாள். தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன அட்டை உண்டாம். அதைச் செருகினால் விட்ட இடத்தைப் பெட்டி ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். "நான் பிரான்சுக்குப் போறப்ப கழட்டி எடுத்துக்கினு போய்ட்டேன் மாமா. நான் ஆடினதெல்லாம் அதுக்குள்ளதான் இருந்துது." சிரிப்பு நின்றுவிட்டது. "தெனமும் மொதல்லேர்ந்தா ஆடினீங்க?"

"தெனமும்."

தரையில் உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். கடல் வந்தது, எழுத்துக் கட்டங்கள் வந்தன. மனெத்தைக் கையில் எடுத்தவள், "அப்பா என்னா பேரு போடுவாரு?" என்று கேட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எழுத்து எப்படி இருக்கும்னு காட்டறேன்."

சொம்பில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் போட்டேன். பிறை. சீப்பு. காலை நீட்டின குச்சி. தனிக் குச்சி. இரண்டு தூணும் சாய்ந்த பலகையும். மறுபடி சீப்பு.

அவள் குனிந்து பார்த்தாள். தரை சூட்டில் முதல் எழுத்து காய ஆரம்பித்தது. அதைச் சுற்றி இரண்டு கைகளையும் வைத்து மறைத்துக்கொண்டாள், காற்றுக் கோபுரத்தில் ஆள் விளக்கை மறைக்குமே, அப்படி.

"தெனமும் இதையா போட்டாரு, மாமா?"

"தெனமும்மா. கரண்ட் போயி வந்தா அப்பவும்."

சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் போன நாட்களில் உன் சிரிப்பு. நாக்குப் பிசகு. ஆஸ்பத்திரிப் போர்வைமேல் கட்டைவிரல். வாயில் வராது என்றவன், விரலால் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாய். கடைசியில் அவளைக் கூப்பிடச் சொல்லி என் கையில் எழுதினாய், நான் உன்னை நண்டுக்கிட்ட கூட்டிக்கொண்டு போனேன். எழுத்து அறிந்தவன் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். நீ போவதற்கு முன் அவள் குரலாவது உன் காதில் விழுந்திருக்கும். இதை நினைக்கும்போது, சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகாமல் ஆடு ஓட்டினேனே, அதற்கு இப்போது அழுகிறேன். இத்தனை வருஷத்தில் அதற்காக நான் அழுதது இதுதான் முதல் தடவை.

அவள் ஆட ஆரம்பித்தாள். நான் வழி சொன்னேன். அவளுக்கு வழி தெரியும், இருந்தாலும் என்னைச் சொல்லவிட்டாள். கூடைக்காரி, குடக்காரி, ஒற்றைக்கண்ணன். நண்டிடம் "இப்பக் குதி" என்றேன். சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கும்போது குன்றுமேல் கதவுக்கு வந்து சேர்ந்தோம். ஏழுமலை இஸ்திரிப் பெட்டியைக் கரியோடு அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள என்னா பிராணிம்மா இருக்குது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. அப்பாவுக்குத் தெரியும். நான் இதை முடிச்ச அன்னிக்கு அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் காட்டினேன்" என்று கதவைத் திறந்தாள்.

பிராணி இல்லை. ஒரு கிழவன். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் சாம்பல் நிறமாய், பாதி சிலையாய் உட்கார்ந்திருந்தான். முக்காட்டு ஆள் உள்ளே போய் அடுப்பில் விளக்கை வைத்தது. கிழவனின் முகத்தில் நிறம் ஏறியது. அவன் வாயைத் திறந்ததும் திரையின் கீழே எழுத்துகள் வந்தன. முதல் சொல் எனக்குத் தெரிந்த சொல். பிறையில் தொடங்கியது.

"அதுக்கப்புறம் என்னா சொல்றான்?" என்றேன்.

அவள் மனெத்தை மடியில் வைத்தாள். "நீ லேட்டு ஒண்ணும் இல்ல, உள்ள வா. அப்படின்றாரு மாமா."

அந்தக் கிழவனால் சொல்ல முடிந்ததை உன்னால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீ அவனைச் சொல்லவிட்டிருந்தால்கூடப் போதும், சொல்தா. அதற்கும் உன் வாக்கு விடவில்லை. கதவு வரை அவளை எத்தனையோ தடவை கூட்டி வந்தாய், அதற்குமேல் கை வரவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது மனெத்தை என்னிடம் கொடுத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள், அந்தச் சின்ன அட்டையை அதில் செருகி வைப்பேன் என்றாள். பெட்டி இல்லாத கைப்பிடி எதற்கும் ஆகாது என்கிறாள் மருமகள். எனக்கு ஆகும். தினமும் காலையில் அதை மடியில் வைத்து, உன் பொடி வாசனையோடு இடது கட்டைவிரலை நகர்த்திப் பார்க்கிறேன். நகர்கிறேன், நிற்கிறேன். வலது கையால் அமுக்குகிறேன். உன்னால் முடியாமல் போன அந்த அமுக்கலை நான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த வயசில் எனக்கு ஒரே ஒரு சொல் படிக்க வருகிறது. மருமகளிடம் காகிதத்தை வாங்கி, இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நானே பிரெஞ்சு எழுத்தில் போட்டிருக்கிறேன். கோணலாக இருக்கும். கீழே அவள் தமிழிலும் எழுதிவிடுவாள். நேற்று பிரான்சிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று வாய் தவறிச் சொல்லப் பார்த்தேன். அந்தப் பக்கம் புரிந்துகொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். தங்கச்சி இல்லை, நீ இல்லை. உன் வீட்டில் உயிரோடு இருப்பது இன்னும் ஒருத்திதான். உன் வாயால் வராததை என் வாயால் சொல்கிறேன், கேட்டுக்கொள்:

CELINE

செலின்.